யார் அழிக்கலாம், யார் படிக்கலாம்: ஸ்னாப்ஷாட், வீம், ரெஸ்டிக்

2014 ஜூனில், மற்றவர்களின் மென்பொருள் கோடைச் சேமித்துவைத்த கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கணக்குக்குள் யாரோ புகுந்து, பணம் கேட்டு மிரட்டினார்கள். நிறுவனத்தார் அவசரமாகக் கடவுச்சொற்களை மாற்ற ஆரம்பித்தார்கள். புகுந்தவர்களோ முன்பே உருவாக்கி வைத்திருந்த வேறு லாகின்கள் வழியாகத் திரும்பி வந்து, ஸ்னாப்ஷாட்டுகளையும் (டிஸ்கை அப்படியே படம்பிடித்த நகல்கள்) எஸ்3 பக்கெட்டுகளையும் (அமேசானில் கோப்புகளைப் போட்டுவைக்கும் இடங்கள்) அழித்துத் தள்ளினார்கள். 12 மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நிறுவனம் அதோடு மூடப்பட்டது. அவர்களிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. சர்வரை அழிக்க முடிந்த அதே சாவி பேக்கப்பையும் அழித்தது.

அதனால்தான் எந்த பேக்கப் மென்பொருளாக இருந்தாலும், விலையைப் பார்க்கும் முன் நான் கேட்பது இரண்டுதான். இதை அழிக்க யாரால் முடியும்? படிக்க யாரால் முடியும்?

முதலில் அமேசானின் சொந்த இபிஎஸ் ஸ்னாப்ஷாட். இபிஎஸ் என்பது அமேசான் சர்வர்களின் டிஸ்க். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. முதல் முறைக்குப் பிறகு மாறிய பகுதிகளை மட்டுமே எடுக்கும், மீட்பதும் சுலபம். ஆனால் படிக்கும் உரிமை விஷயத்தில் பல வருடங்கள் பெரிய ஓட்டை இருந்தது. ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினால், என்கிரிப்ட் செய்யாத (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டாத) ஸ்னாப்ஷாட் ஊருக்கே திறந்துவிடும். அப்படித் திறந்து கிடந்தவற்றிலிருந்து கடவுச்சொற்களையும் ரகசியக் கீகளையும் எடுக்க முடியும் என்று 2019 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் ஒரு ஆய்வாளர் காட்டினார். இதை மொத்தமாகத் தடுக்கும் வசதி 2023 நவம்பரில்தான் வந்தது. அதை ஒவ்வொரு ரீஜனிலும் (அமேசான் டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். என்கிரிப்ஷனை டீஃபால்ட் ஆக்குவதும் அப்படித்தான்.

அதே மாதம், ஸ்னாப்ஷாட்டைக் குறிப்பிட்ட காலம்வரை அழிக்க விடாமல் பூட்டும் ஸ்னாப்ஷாட் லாக்கும் வந்தது. அதில் கவர்னன்ஸ் முறையைத் தேர்ந்தெடுத்தால், உரிய அனுமதி உள்ளவர் பூட்டைத் திறந்துவிடலாம். கம்ப்ளையன்ஸ் முறையில், மனம் மாறினால் திறக்கத் தரும் அதிகபட்சம் 72 மணி நேர அவகாசம் முடிந்த பிறகு, கெடு தீரும்வரை கணக்கின் உரிமையாளரான ரூட் பயனரால்கூட அழிக்க முடியாது. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு கணக்கில், புது வெர்ஷனை ஏற்றும் ஸ்கிரிப்டுக்கு ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் அனுமதி இருந்ததைப் போன வருடம் தற்செயலாகப் பார்த்தேன். யாரோ எப்போதோ நட்சத்திரக் குறி போட்டு எல்லா அனுமதியையும் கொடுத்திருக்கிறார்கள். அன்று இரவே வேறு கணக்குக்கு நகல் எடுக்க உட்கார்ந்தால், அமேசானின் டீஃபால்ட் கீயில் (சாவியில்) பூட்டிய ஸ்னாப்ஷாட்டை இன்னொரு கணக்கோடு பகிரவே முடியாது. சொந்தக் கீ உருவாக்கி, எல்லாவற்றையும் மறுபடி காப்பி செய்து முடிக்கையில் விடிந்துவிட்டது. இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அடுத்தது வீம் போன்ற, விலைக்கு வாங்கும் தனி பேக்கப் மென்பொருள். பல கிளவுடுகளும் ஆபீஸ் சர்வர்களும் கலந்திருக்கும் இடத்துக்கு இதுதான் பொருத்தம். ஆப்ஜெக்ட் லாக் (எழுதிய கோப்பைக் கெடுவரை அழிக்க விடாத பூட்டு) உள்ள பக்கெட்டில் எழுத வைத்தால் அழிப்பு பயமும் குறையும். என் தயக்கம் வேறு இடத்தில். எல்லா சர்வர்களின் கடவுச்சொற்களும் அந்த ஒரு பேக்கப் சர்வரில் குவிந்திருக்கும். 2023 மார்ச்சில் வெளியான ஒரு பலவீனம் அந்தக் கடவுச்சொற்களையே வெளியே எடுக்க வழிவிட்டது. 2024 செப்டம்பரில் வெளியான இன்னொன்றின் தீவிரம் 10க்கு 9.8. லாகின் இல்லாமலே உள்ளே நுழையலாம். தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் அகிரா, ஃபாக் ரான்சம்வேர் கும்பல்கள் அதைப் பயன்படுத்தின. வீம் வாங்குவதானால் அந்த சர்வரைக் கம்பெனி டொமைனில் (எல்லா மெஷின்களுக்கும் பொதுவான லாகின் அமைப்பில்) சேர்க்காதீர்கள், ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்த அன்றே போடுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

மூன்றாவது ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள். இலவசம், திறமூலம். உங்கள் மெஷினிலேயே பூட்டித்தான் வெளியே அனுப்பும், ஆகவே சேமிப்பவரால் படிக்க முடியாது. 2022இல், கடவுச்சொற்களைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸின் கிளவுட் பேக்கப்பைத் திருடியதை நினைத்தால் இதன் அருமை புரியும். அழிப்பில்தான் கவனம் வேண்டும். சர்வரிலிருக்கும் சாவிக்கு அழிக்கும் உரிமையும் இருந்தால் கோட் ஸ்பேசஸ் கதைதான். ரெஸ்டிக்கின் நகல்களை வாங்கி வைக்கும் ரெஸ்ட் சர்வரை, புதியதைச் சேர்க்க மட்டும் விடும் முறையில் ஓட்டி, பழையதைக் கழிக்கும் வேலையை வேறு மெஷினுக்குக் கொடுங்கள்.

ஐந்தாறு பேர் உள்ள குழு என்றால் நான் வீமை விட்டுவிடுவேன். தினசரி ஸ்னாப்ஷாட்டைத் தனிக் கணக்கில் கம்ப்ளையன்ஸ் லாக்குடன் வைப்பேன், டேட்டாபேஸ் டம்ப்பை (டேட்டாபேஸ் முழுவதையும் கொட்டி எடுத்த கோப்பை) மட்டும் ரெஸ்டிக்கில் வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்புவேன். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் சந்தா தவறுதலாக அழிந்தபோது, இரண்டு இடங்களில் வைத்திருந்த நகல்களும் சேர்ந்தே போயின. வேறு நிறுவனத்திடம் இருந்த பேக்கப்பும் மீட்புக்குக் கைகொடுத்தது.

ரெஸ்டிக் கடவுச்சொல் தொலைந்தால் மீட்க வழியே கிடையாது. அதைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இரண்டு பேர் வீட்டில் வைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த உறையைப் பிரித்து, அதை வைத்தே ஒரு காலி மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்க்கிறோம்.