மூன்றடுக்குக் காடைக் கூண்டு: வாங்கலாமா?

சேலம் அழகாபுரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், ஏற்காட்டில் எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கும் மூன்றடுக்குக் காடைக் கூண்டைப் போலவே தம் மொட்டைமாடிக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தார். கூண்டு அடுக்குகளின் அடியில் இருந்த துருவேறிய எச்சத் தட்டுகளை மாற்றிய கையோடு எழுதுவதால், சொற்களில் சூடு தெரிந்தால் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கூண்டை வடிவமைத்தவருக்குக் காடையின் இயல்பு தெரிந்திருக்கிறது. மிரண்டுபோன காடை பக்கவாட்டில் ஓடாது, நேர்மேலாகத் துள்ளும். அடுக்கு இரண்டடி உயரம் இருந்தால் வேகம் பிடித்துக் கூரையில் மோதி மண்டையை உடைத்துக்கொள்ளும். இதில் ஒவ்வோர் அடுக்கும் 10 அங்குலமே என்பதால் அந்த வேகத்துக்கு இடமில்லை. வெல்டு மெஷ் எனும் கம்பி வலைத் தரை முன்பக்கம் சற்றே சரிந்திருக்கிறது; பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள முட்டை மிதிபடாமல் உருண்டு வெளிவிளிம்பில் வந்து நிற்பதை இன்றும் நான் ரசித்துத்தான் பார்க்கிறேன். பறவை ஒன்றுக்கு 150 முதல் 200 சதுர சென்டிமீட்டர், அதாவது சதுர அடிக்கு ஐந்து பறவைகள் என்ற அளவை மீறாதவரை கொத்திக்கொள்ளும் தொல்லையும் குறைவே.

ஆனால் அந்த எச்சத் தட்டு! ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த அதற்கு ஓர் அங்குல விளிம்புகூட இல்லை. சமவெளி வெயிலில் எச்சம் விரைவில் காய்ந்துவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி வாசலிலேயே நிற்கும் மாதங்களில், அது காய்வதே இல்லை. ஈரமான எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. நம் கண்ணே எரியும்போது, அதன் மேலேயே நாள் முழுக்க நிற்கும் பறவையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஈரம் தகட்டின் துத்தநாகப் பூச்சையும் அரித்துவிடுகிறது. பறவைகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய் ஒன்று சொட்டத் தொடங்கினால், தட்டை இழுக்கும்போது கூழ் வழிந்து கீழடுக்குப் பறவைகளின் முதுகில் விழுகிறது.

ஈரத்தை உறிஞ்சத் தேங்காய் நார்க்கழிவைப் பரப்பினால் நாற்றம் நன்றாகவே அடங்குகிறது. ஆனால் அது எச்சத்தோடு சேர்ந்து மேடானதும் தட்டு சட்டத்தில் சிக்கி வர மறுக்கிறது. ஆழமான தட்டு செய்துகொள்ளலாம் என்றால், அடுக்குகளுக்கு இடையே அதற்கான இடைவெளியே விடப்படவில்லை. ஆகவே பணம் கொடுத்துப் பழைய அளவிலேயே புதுத் தட்டுகளைப் போட வேண்டியதாயிற்று. நாள்தோறும் எச்சத்தை அள்ள வேண்டும் என்று விற்றவர்கள் முன்பே சொன்னார்கள் என்பதையும், அள்ளியது மக்கியபின் காப்பிச் செடிகளுக்கு நல்ல உரமாகிறது என்பதையும் மறைக்க மாட்டேன். அதற்காகத் தட்டை மன்னிக்கவும் மாட்டேன்.

அழகாபுரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்கே கோடையில் நிழலும் காற்றோட்டமும்தான் கவலையாக இருக்குமே தவிர, தட்டு அன்று. எனவே நண்பர் வாங்கலாம் என்பதே நியாயமான பதில். இருந்தும் வாங்க வேண்டாம் என்றே சொல்லப் போகிறேன். இடுப்பளவு உயரக் கால்களில் ஒற்றை அடுக்காக, தட்டே இல்லாமல், எச்சம் நேரே கீழே பரப்பிய நார்க்கழிவில் விழும்படி, பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒன்று செய்துகொள்ளட்டும். கூரை உயரத்துக்கும் தரைச் சரிவுக்கும் மட்டும் என் கூண்டை வந்து அளந்துகொண்டு போகலாம்.