பிள்ளையின் கையில் முதல் பேட்: பிக்கிள்பாலா, ஷட்டிலா, டென்னிஸா?

"பையனுக்கு ஏழு வயசு. ஷட்டில் கிளாஸ்ல சேர்க்கலாமா, இல்ல புதுசா வந்திருக்கிற பிக்கிள்பாலா?" சென்னை அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கூடவே ஒருவர் டென்னிஸையும் இழுத்துவிடுவார். (பிக்கிள்பால் என்பது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைக் கெட்டியான பேட்டால் நெட்டுக்கு மேலே அடிக்கும் ஆட்டம்.) ஆறிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை மட்டும் வைத்து மூன்றையும் பார்ப்போம். நான் கேட்பது ஒன்றுதான்: முதல் வாரத்தில் பிள்ளை பந்தை அடிக்கிற நேரம் அதிகமா, பொறுக்குகிற நேரம் அதிகமா?

ஷட்டிலில் பொறுக்குவதுதான் அதிகம். நெட்டின் உயரம் 5 அடி. ஏழு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 4 அடிதான் இருக்கும். தலைக்கு மேலே இருக்கிற நெட்டைத் தாண்டி அடிக்க வேண்டும். காக் தரையில் பட்டு எழும்பாது, ஆகவே இரண்டாவது வாய்ப்பும் கிடையாது. பேட் 100 கிராமுக்குள்தான், ஆனால் நீளம். கைக்கும் பேட்டின் வலைக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருந்தால் சின்னப் பிள்ளைக்குக் கணக்குத் தப்பும். பேட் ஒரு பக்கம் போகும், காக் காலடியில் விழும். இதில் ஒரு நன்மையும் உண்டு. இந்தக் கட்டத்தைத் தாண்டிய பிள்ளைக்குக் கண்ணும் கையும் நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும், கால்களும் சுறுசுறுப்பாகும். தாண்டும் வரை பொறுமை வேண்டும், பிள்ளைக்கு மட்டுமல்ல.

டென்னிஸைப் பற்றி நம் ஊரில் பாதிதான் பேசுகிறார்கள். 78 அடி நீள கோர்ட், தோளுக்கு மேலே எழும்பும் மஞ்சள் பந்து என்று பார்த்தால் சின்னப் பிள்ளைக்கு அது தண்டனைதான். ஆனால் சிறுவர்களுக்கென்றே சிவப்புப் பந்து இருக்கிறது. வழக்கமான பந்தைவிட 75 சதவீதம் வேகம் குறைவு. கோர்ட் 36 அடி, பேட்டும் குட்டையானது. 2012 முதல் 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அனுமதிப்பதில்லை. சிக்கல் விளையாட்டில் இல்லை, வகுப்பில்தான். பத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஆளுக்கு மூன்று மஞ்சள் பந்து போட்டுவிட்டு "அடுத்தது" என்கிற கோச்சிடம் விட்டால், பிள்ளை கற்றுக்கொள்வது வரிசையில் நிற்பதைத்தான். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். கூடையில் சிவப்புப் பந்து இருந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். பிக்கிள்பாலுக்கு அது குறைந்ததில்லை.

சரி, பிக்கிள்பால். 1965-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், கோடை விடுமுறையில் வீட்டார் பொழுது போகாமல் இருந்தபோது ஜோயல் பிரிட்சார்டும் பில் பெல்லும் கைக்குக் கிடைத்ததை வைத்து உருட்டிய ஆட்டம் இது. வீட்டில் பழைய பேட்மின்டன் கோர்ட் இருந்தது, முழு செட் பேட் இல்லை. டேபிள் டென்னிஸ் பேட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்தார்கள், பிறகு நெட்டையும் இறக்கினார்கள். இன்றைக்கும் கோர்ட் 20-க்கு 44 அடி, அதாவது ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டின் அதே அளவு. நெட் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34.

இதனால் நமக்கு ஒரு லாபம்: உங்கள் வளாகத்தில் ஷட்டில் கோர்ட் இருந்தால் பிக்கிள்பால் கோர்ட்டும் இருக்கிறது என்று அர்த்தம். ஷட்டில் நெட்டின் அகலம் இரண்டரை அடி. மேல் விளிம்பை 3 அடிக்கு இறக்கிக் கட்டினாலும் தரைக்கு மேல் அரையடி மிச்சம் இருக்கும். நெட்டுக்கு முன்னால் 'கிச்சன்' என்ற 7 அடிப் பகுதி உண்டு, அதற்குள் நின்று பந்தைத் தரையில் படாமல் அடிக்கக் கூடாது. ஷட்டிலின் முன் சர்வீஸ் கோடு ஆறரை அடியில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கோடே போதும், அரையடிக்காக யாரும் கேஸ் போடப் போவதில்லை.

விதிகளும் சின்னவர்களுக்கு ஒத்துழைக்கின்றன. பந்தைக் கீழே போட்டு, எழும்பியதும் சர்வ் அடிக்க அனுமதி உண்டு. சர்வும் அதற்கான பதிலும் தரையில் பட்ட பிறகுதான் அடிக்கப்பட வேண்டும் என்பதால் பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. சாயங்காலக் காற்றில் 5 கிராம் காக் எங்கோ போய்விடும். 25 கிராம் பந்து ஓரளவு தாக்குப் பிடிக்கும். டபுள்ஸில் மூன்று எண்களாக ஸ்கோர் சொல்லும் முறையை மட்டும் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். 'பூஜ்ஜியம்-பூஜ்ஜியம்-இரண்டு' என்றால் பெரியவர்களே முழிப்பார்கள். யார் அடித்தது தப்பினாலும் எதிராளிக்கு ஒரு பாயிண்ட், 11 வரை, அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. ஓட்டம் ஷட்டிலைவிடக் குறைவு. கெட்டியான பேட்டில் பிளாஸ்டிக் பந்து படும் 'டொக் டொக்' சத்தம் மாடி வீடுகள் வரை கேட்கும். மதியத் தூக்க நேரத்தில் ஆடினால் அசோசியேஷன் மீட்டிங்கில் உங்கள் பெயர் வரும். நெட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணில் பந்து படலாம், விளையாட்டுக் கண்ணாடி போடுவது நல்லது. போட்டி, மாவட்டத் தேர்வு என்று யோசிப்பவர்களுக்கு ஷட்டிலின் பாதை தெளிவானது. 1992 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிற ஆட்டம். பிக்கிள்பால் அங்கே இன்னும் இல்லை, இந்தியப் பிக்கிள்பால் சங்கத்துக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் கிடைத்ததே 2025-இல்தான்.

என்னைக் கேட்டால், ஆறு, ஏழு வயதில் பிக்கிள்பாலில் தொடங்குங்கள். எட்டு, ஒன்பதில் பிள்ளை 'இன்னும் வேகமா ஆடணும்' என்று அடம்பிடித்தால் ஷட்டில் வகுப்பில் சேருங்கள். எந்த வயதானாலும் சிவப்புப் பந்து கோச் பக்கத்தில் இருந்தால் டென்னிஸையும் ஒரு கை பார்க்கலாம். விலை மலிவு என்று மரப் பேட் செட் மட்டும் வாங்காதீர்கள், கனம் அதிகம், சின்ன மணிக்கட்டு வலிக்கும். சாதாரணப் பேட்டே 200 கிராமுக்கு மேல் இருக்கும். அதில் இருப்பதிலேயே லேசானதாக, பிடி ஒல்லியானதாகப் பார்த்து, முடிந்தால் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய்க் கையில் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள்.