இரட்டைக்குழல் துப்பாக்கியை ப்ளூயிங்குக்கு (குழலின் இரும்புக்குக் கறுப்பு நிறமேற்றும் வேலை) கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் ஏலத்தோட்டம் வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில். வீடு கம்பத்தில். அப்பா காலத்துப் பன்னிரண்டு போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று தோட்டத்து வீட்டில் இருக்கிறது, லைசென்ஸ் இப்போது என் பெயரில். காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்த பிறகு, லைசென்ஸ் உள்ளவர்களை அடிக்கடி கூப்பிடுகிறார்கள். அதனால் அது சும்மா அலமாரியில் கிடக்கும் பொருள் இல்லை.

2024 தேர்தலுக்கு, லைசென்ஸ் உள்ள எல்லோரையும் போல துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். ரெக்சின் உறையில் போட்டே கொடுத்தது என் தவறு. உள்ளே இருக்கும் வெல்வெட் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜூனில் திரும்ப வாங்கியபோது இரண்டு குழலிலும் செம்புள்ளிகள். சரி, நன்றாக ஒருமுறை ப்ளூயிங் செய்துவிடலாம் என்று கேரளத்துப் பக்கம் ஒரு டவுனில் இருக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கு லைசென்ஸ் உண்டு, போர்டும் உண்டு. அதில் குறை இல்லை.

"சேட்டா, இது பழைய துப்பாக்கி. பழைய முறையிலேயே செய்வீர்களா?" என்று கேட்டேன். ஒரு மாதம் ஆகும், கைவேலை, பதினாலாயிரம் ரூபாய் என்றார். பழைய முறை என்றால், குழலின் எண்ணெய்ப் பசையை முழுக்க எடுத்துவிட்டு, அமிலக் கரைசல் தடவி, ஈரக்காற்றில் வைத்து வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவார்கள். பிறகு சுத்தமான தண்ணீரில் கொதிக்க வைப்பார்கள். செந்துரு கருந்துருவாக மாறும். அதை மெல்லிய இரும்பு நாரால் தேய்த்துவிட்டு மறுபடி முதலில் இருந்து. ஆறு முறை, எட்டு முறை இப்படிச் செய்தால்தான் நிறம் ஏறும். பொறுமை வேண்டிய வேலை. அதற்குத்தான் அந்தப் பணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாளே போன் வந்தது. போய்ப் பார்த்தால் குழல் கண்ணாடி மாதிரி மின்னியது. பழைய முறையில் இந்தப் பளபளப்பு வராது, அடக்கமான கறுப்புதான் வரும் என்பது அன்று எனக்குத் தெரியாது. ரசீதில் "பாலிஷ், ப்ளூயிங்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நானும் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. இரண்டு குழலுக்கும் நடுவே நீளமாக ஓடும் ரிப் பட்டை இருக்கிறதே, அதன் ஓரத்தில் கோலமாவு கோடு போட்டது போல வெள்ளைப்பொடி. துடைத்து எண்ணெய் போட்டேன். பத்து நாளில் மறுபடி வந்தது. அடுத்த ஆனி மழைக்குள் அதே கோடு பழுப்பாகிவிட்டது.

ரிப்பேர் லைசென்ஸ் உள்ள ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. குழலைத் தனியாகக் கழற்றி, கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். ரிப் நன்றாகப் பிடித்திருந்தால் கோயில் மணி போல நீளமாக ஒலிக்குமாம். எங்கள் குழல் விரிசல் விட்ட பானை போல 'டொக்' என்றது.

"தம்பி, இதைக் காரத்துல முக்கியிருக்காங்க. ரிப்புக்கு அடியில ஈயம் போச்சு."

அவர் விளக்கியதைச் சொல்கிறேன், இதற்காகத்தான் இந்தப் பதிவு. இப்போது பெரும்பாலும் செய்வது சூடான உப்புத்தொட்டி ப்ளூயிங். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைத்த தண்ணீர், சுமார் 140 டிகிரியில் கொதிக்கும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஒற்றைக்குழல், ரைஃபிள் என்றால் அது நல்ல முறைதான். ஆனால் இரட்டைக்குழலில் ரிப்பை ஈயமும் தகரமும் கலந்த பற்றால் ஒட்டியிருப்பார்கள். அந்தக் காரம் பற்றை அரித்துவிடும். இரண்டு குழலுக்கும் நடுவே உள்ள பொந்தில் புகுந்த உப்பை எத்தனை முறை கழுவினாலும் எடுக்க முடியாது. வெள்ளைப்பொடியாகக் கசிந்தது அதுதான். வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் குழலைத் தின்றுகொண்டிருக்கும்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "ஈயப் பற்று உருக 180 டிகிரிக்கு மேல் வேண்டும், எங்கள் தொட்டியில் அவ்வளவு சூடே கிடையாது" என்றார். சூடு பற்றி அவர் சொன்னது சரி. பற்று உருகவில்லை, கரைந்தது. அப்புறம் நான் எண்ணெய் போடாமல் வைத்திருந்தேன் என்றார். வேலையைச் செய்ததே அவர்கள் இல்லை, வெளியே ஒரு முலாம் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது அந்தப் பேச்சில்தான் வெளிவந்தது. ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். என் துப்பாக்கி யார் யார் கையில் இருந்தது என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

இன்னொன்று. பளபளப்புக்காக பஃபிங் சக்கரத்தில் அழுத்தித் தேய்த்ததில் துப்பாக்கி நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்களும், குழலைச் சுட்டுச் சோதித்ததற்கான பரிசோதனை முத்திரையும் மங்கிப்போயின. நம்பரை அழிப்பதே குற்றம் என்கிறது அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு. லைசென்ஸில் உள்ள நம்பரோடு ஒத்துப் பார்க்கும்போது பதில் சொல்ல வேண்டியவன் நான்.

ஆகவே கொடுக்கும் முன் உங்கள் துப்பாக்கியின் நம்பரையும் முத்திரைகளையும் கிட்டத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த முறை, எந்த இடத்தில், யார் செய்வது என்பதை நம்பரோடு சேர்த்து ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி அடுப்பில் உருக்கிப் படிய வைக்கும் பூச்சு) செய்யலாம் என்று சொன்னாலும் இரட்டைக்குழலுக்கு வேண்டவே வேண்டாம், அந்த அடுப்பின் சூடு 180, 200 வரை போகும். செராகோட் என்ற பீங்கான் கலந்த பூச்சு நல்லதுதான், ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் பூசும் முன் மணலை வீசிச் சுரண்டும் மணல்வீச்சு முதல் அடுப்புச் சூடு வரை எல்லாம் அளவாக இருக்க வேண்டும், பழைய முத்திரைகளும் அதன் கீழே போய்விடும். எந்த ப்ளூயிங்கும் தானாகத் துருவைத் தடுக்காது, மேலே எண்ணெய் இருக்கும்வரைதான். எங்கள் மலை ஈரத்தில் மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். உறையில் வைக்கவே கூடாது.

குழல் இப்போது பெரியவரிடம் இருக்கிறது. அடுத்த வாரம் ரிப்பைக் கழற்றுகிறார். உள்ளே குழி ஆழமாக விழுந்திருந்தால் இனி இதில் தோட்டா போடக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டார்.