பால்கனி எண்ணைக் காட்டிப் பின்னறையைக் கொடுத்தார்கள்

ஸ்பெயினின் பாஸ்க் நாட்டிலுள்ள சான் செபாஸ்தியானுக்கு, ஊரே முரசடித்துக் கொண்டாடும் தம்போராதா திருவிழா பார்க்கப் போகிறீர்களா? விழா தொடங்கும் அரசியலமைப்புச் சதுக்கத்தில் வாடகை வீடு எடுக்கும் எண்ணம் இருந்தால், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

சதுக்கத்தைச் சுற்றியுள்ள கட்டிடங்களில் ஒவ்வொரு பால்கனிக்கு மேலும் ஓர் எண் எழுதியிருக்கும். அது வீட்டு எண் கிடையாது. 1813-ல் ஊர் எரிந்து சாம்பலான பிறகு புதிதாக எழுப்பிய சதுக்கம் அது. அங்கே காளைச் சண்டை நடந்த காலத்தில் பால்கனிகளைப் பார்வையாளர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

விளம்பரத்தின் முதல் படமே அப்படி எண் போட்ட ஒரு பால்கனி. “சதுக்கத்தைப் பார்த்த பால்கனிதானே?” என்று எழுதிக் கேட்டேன். “ஆமாம், வீடு சதுக்கத்திலேயே இருக்கிறது” என்று பதில் வந்தது. நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் நிற்க முடியாது. பால்கனியில் நாற்காலி போட்டு நிம்மதியாகப் பார்க்கட்டும் என்றுதான் மூன்று மடங்கு வாடகைக்குச் சம்மதித்தேன். தள்ளுபடி தருவதாகச் சொன்னதால் பணத்தையும் நேராக வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 19 மாலை. அம்மா மூன்று மாடியும் படியேறி வந்தார். ஜன்னலைத் திறந்தால் காற்றுக்காக விட்ட குறுகலான உள்முற்றம். எதிர்ச் சுவரில் ஒரு கொடி, அதில் யாருடைய ஈரச் சட்டையோ சொட்டிக்கொண்டிருந்தது. போன் செய்தேன். “படம் கட்டிடத்தினுடையது, பால்கனி முன்பக்க வீட்டுக்காரருடையது” என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

நள்ளிரவில் கீழே சதுக்கத்தில் ஊர்க்கொடி ஏறியது. வெள்ளை உடுப்பில் சமையல்காரர்களும் பழைய காலப் படைவீரர் வேடக்காரர்களும் முரசும் பீப்பாயும் அடிக்க, ஊரே சேர்ந்து பாடியது. எங்களுக்குச் சுவர் அதிர்ந்தது, அவ்வளவுதான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, “எந்தப் பக்கம்ப்பா சத்தம் வருது?” என்று கேட்டார். அவருக்கு ஒரு நாற்காலியாவது போட முடியுமா என்று இறங்கிப் பார்த்தேன். சதுக்கத்தைச் சுற்றிய வளைவுகளுக்கு அடியில் கால் வைக்க இடமில்லை.

வீடு எடுப்பதாக இருந்தால் ‘எக்ஸ்தெரியோர்’, அதாவது வெளிப்பக்கம் பார்த்த வீடு, என்று எழுத்தில் வாங்குங்கள். ‘இன்தெரியோர்’ என்றால் உள்முற்றம் பார்த்த வீடு. வீட்டுக்குள்ளிருந்து நடந்து பால்கனி வரை வந்து சதுக்கத்தைக் காட்டும் வீடியோ கேளுங்கள். சுற்றுலா வீட்டுக்கு அரசுப் பதிவு எண் உண்டு, விளம்பரத்தில் அது இருக்க வேண்டும். எங்கள் விளம்பரத்தில் இல்லை, நானும் கவனிக்கவில்லை. என்ன தள்ளுபடி தந்தாலும் முன்பதிவுத் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். அனுப்பியதால் அந்தத் தளம் எங்களுக்காக எதுவும் செய்ய மறுத்துவிட்டது.

அப்புறம், பாஸ்க் அரசின் நுகர்வோர் அமைப்பான கோன்ட்சுமோபிதேயில் புகார் கொடுத்திருக்கிறேன். விளம்பரப் படம், கடிதப் போக்குவரத்து, அந்த ஜன்னலின் படம் எல்லாம் இணைத்தாயிற்று. பணம் இன்னும் வரவில்லை.