தேக்காவில் தங்கி ரயிலில் சுற்றியது: ஒன்பது சிங்கப்பூர்ப் பயணங்களின் அனுபவம்

2011-லிருந்து 2025 வரை ஒன்பது முறை திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்று வந்திருக்கிறேன். தங்கை தன் குடும்பத்துடன் செங்காங்கில் வாடகை வீட்டில் இருக்கிறாள். முதல் இரண்டு பயணங்களில் அவள் வீட்டிலேயே தங்கினேன். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து, கூடத்தில் பாய் விரிக்கவும் இடமில்லாமல் போன பிறகு, ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் எட்டு இரவுகள் வரை வெளியில்தான் தங்கி வருகிறேன். அந்த ஊரில் எங்கே தங்குவது, தங்கிய இடத்திலிருந்து எப்படிப் போய் வருவது என்ற இரண்டை மட்டுமே இங்கே எழுதுகிறேன். என்னென்ன பார்க்கலாம் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

2014-இல் முதன்முறையாக விடுதி தேடியபோது விலையையும் வரைபடத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் பாலஸ்டியர் சாலையில் ஓர் அறை எடுத்தேன். அந்தச் சாலையில் சிக்கனமான விடுதிகள் நிறைய உண்டு. வரைபடத்தில் நகரின் நடுப்பகுதியிலிருந்து விரற்கடை தூரம்தான். ஆனால் அங்கே ரயில் நிலையம் இல்லை. எந்தத் திசையில் நடந்தாலும் அருகிலுள்ள நிலையத்தை அடையக் கால் மணி நேரத்துக்குக் குறையாது, அதுவும் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த ஊரின் வெயிலிலோ, சொல்லாமல் கொட்டும் மழையிலோ நடக்க வேண்டும். பேருந்துகள் ஒழுங்காக வந்தன என்பது உண்மை. ஆயினும் எங்கே போவதென்றாலும் முதலில் பேருந்து, பிறகு ரயில் என்று ஆனதில், மாலையில் ஒருமுறை அறைக்கு வந்து குளித்துவிட்டு மறுபடி வெளியே கிளம்பும் வழக்கமே அற்றுப்போயிற்று. இரவுக்குப் பதினைந்து வெள்ளி மிச்சம் பிடித்தேன். அதை வாடகைக் கார்களுக்குக் கொடுத்தேன்.

அடுத்த முறையிலிருந்து அறையைப் பார்ப்பதை இரண்டாவது வேலையாக வைத்துக்கொண்டு, நிலைய வாசலை முதலில் பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் பார்த்தபோது தேக்கா, அதாவது வரைபடங்களில் லிட்டில் இந்தியா என்று குறிக்கப்படும் பகுதி, எனக்குத் தானாகவே அமைந்தது. சாப்பாட்டுக்காக அங்கே தங்குகிறேன் என்றுதான் உறவினர்கள் நினைக்கிறார்கள். காலையில் இட்டிலி கிடைப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் உண்மையான காரணம் 2003-இல் திறக்கப்பட்ட வடகிழக்குப் பாதை. அதில் ஒரு பக்கம் ஏறினால் ஒன்பதாவது நிறுத்தம் செங்காங். மறுபக்கம் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட், செந்தோசா தீவுக்குப் போகும் வாசல். தங்கை வீட்டுக்கும் கடற்கரைக்கும் இடையில் ஒரே ஒரு ரயில், மாறிச் செல்லும் வேலையே இல்லை. உங்கள் உறவினர் ஜூரோங்கிலோ உட்லண்ட்சிலோ இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அப்போது தேக்காவில் தங்குவதற்கு இட்டிலியைத் தவிரப் பெரிய காரணம் இராது.

விமான நிலையத்திலிருந்து தேக்காவுக்கு வரும் வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். சாங்கி விமான நிலையத்துக்கு 2002 முதல் ரயில் உண்டு. பழைய வழக்கப்படி தானா மேராவில் இறங்கி, எதிர் நடைமேடையில் கிழக்கு மேற்குப் பாதை ரயிலைப் பிடித்து, தேக்காவுக்கு அருகிலுள்ள பூகிஸ் வரை வரவேண்டும். 2017 அக்டோபரில் டவுன்டவுன் பாதையின் கிழக்குப் பகுதி திறந்த பிறகு இன்னொரு வழி கிடைத்தது: விமான நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தத்தில் எக்ஸ்போ, அங்கே மாறினால் லிட்டில் இந்தியா வரை ஒரே ரயில். 2018-இல் 71 வயதான அம்மாவை அழைத்துச் சென்றபோது, ஒரே ரயில் என்ற ஆசையில் இந்த வழியில்தான் கூட்டிப் போனேன். வரைபடத்தைக் கூர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பாதை ஜாலான் புசார் நிலையத்தில் தேக்காவின் விளிம்பைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ் என்று நகரின் நடுவைப் பெரிய வளையமாகச் சுற்றி, மேலும் பத்தாவது நிறுத்தத்தில்தான் லிட்டில் இந்தியாவை அடைகிறது. “ஊரைச் சுத்திக் காட்டுறேன்னு சொல்லிட்டு இருட்டுக்குள்ளயே கூட்டிட்டுப் போறியேப்பா” என்றார் அம்மா. எக்ஸ்போவிலிருந்து வருபவர்கள் ஜாலான் புசாரிலேயே இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து டன்லப் தெருவும் அதைச் சுற்றியுள்ள விடுதிகளும் பத்து நிமிடத்துக்கு உட்பட்ட நடைதான்.

திருச்சி விமானங்கள் சில வேளைகளில் அகாலத்தில் இறங்கும். கடைசி ரயில் நள்ளிரவுக்கு முன்பே போய்விடுகிறது. நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை டாக்சி மீட்டர் கட்டணத்தின் மேல் 50 விழுக்காடு கூடுதலாக வாங்குவார்கள். விடுதிகளிலோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு முன் அறை தரமாட்டார்கள். ஆகவே தனியாகப் போகும்போது விமான நிலையத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, முதல் ரயிலில் வந்து, பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

தேக்காவுக்குள்ளேயும் எல்லா இடமும் ஒன்றல்ல. சிராங்கூன் சாலை அந்தப் பகுதியில் ஒருவழிச் சாலை. நகரத்திலிருந்து வெளியே போகும் பேருந்துகள் அதில் வரும். நகரத்துக்குள் போகும் பேருந்துகள் அதற்கு இணையாக ஓடும் ஜாலான் புசார் சாலையில் வருகின்றன. காலையில் ஏறிய இடத்துக்கு எதிர்ப்புறம் மாலையில் வந்து இறங்கலாம் என்று நம்பியிருந்தால் திண்டாட வேண்டியதுதான். இரண்டு சாலைகளுக்கும் நடுவில் உள்ள குறுக்குத் தெருக்களில் தங்கினால் போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம் என்று அமைந்துவிடும். தைப்பூசத்துக்காகப் போகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பாற்குட, காவடி ஊர்வலம் சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலுக்குப் போவதால், அவர்கள் ஒரு நிறுத்தம் தள்ளி ஃபேரர் பார்க்கில் தங்குவது நல்லது. இரவில் கோவிலுக்குப் போகப் பேருந்தும் வேண்டாம், ரயிலும் வேண்டாம்.

இனி அறைகள். தேக்காவின் சிறு விடுதிகளில் பெரும்பாலானவை பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டியவை. முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும், இருபுறமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவராகவும் இருக்கும் கட்டடத்தில், தெருப்பக்க அறைகளுக்கும் பின்பக்க அறைகளுக்கும் மட்டுமே ஜன்னல் வைக்க முடியும். நடுவில் இருப்பவை அனைத்தும் ஜன்னல் இல்லாத அறைகள். இதை ஏமாற்று என்று பலர் திட்டி எழுதுவதைப் பார்க்கிறேன். அந்தக் கட்டடம் பிறந்த விதமே அப்படி. ஜன்னல் இல்லாத அறை இருபது, முப்பது வெள்ளி குறைவாகக் கிடைக்கும், தெருச் சத்தமும் வராது. எனக்கு அது போதும். அம்மாவுக்கோ விடிந்ததா இல்லையா என்று தெரியாத அறையில் இருப்புக்கொள்ளவில்லை. அதே கடைவீடுகளின் முன்னே தெரு நெடுக ஓடும் கூரையிட்ட நடைவழியை அங்கே அஞ்சடி என்பார்கள். 1822-இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயரான ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மழை பெய்யும்போது நிலையத்திலிருந்து பாதித் தூரத்தை நனையாமல் நடந்து வரும் பயணி அதன் பயனை அனுபவிக்கிறான்.

2016-இல் விலை குறைவு என்று இணையத்தில் ஒரு வீட்டின் அறையை எடுத்தேன். வீட்டுக்காரர் முந்தின நாள் அனுப்பிய செய்தியில், வாசலில் காவலர் கேட்டால் உறவினர் என்று சொல்லச் சொல்லியிருந்தார். சந்தேகப்பட்டு விசாரித்தபோதுதான் சட்டம் தெரிந்தது: அரசு அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது, தனியார் வீடுகளுக்கு அப்போது ஆறு மாதமாக இருந்த வரம்பை 2017-இல் மூன்று மாதமாகக் குறைத்தார்கள். ஒரு வாரத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கு இரண்டுமே ஆகாது. முன்பணம் திரும்பி வரவில்லை. அந்த ஊரில் பயணிக்குரிய இடம் உரிமம் பெற்ற விடுதிதான் என்பதை அந்தப் பணத்தைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

விடுதி விலையைப் பார்க்கும்போது அதன் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம். மற்றொன்று அதையும் சேர்த்த தொகையின் மேல் விதிக்கப்படும் பொருள் சேவை வரி, 2024 முதல் 9 விழுக்காடு. 100 வெள்ளி என்று கண்ணில் படும் அறை, பணம் கட்டும்போது 119 வெள்ளி 90 காசு. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தய வாரத்தில் விலை எந்தக் கணக்குக்கும் அடங்காது.

பயண அட்டையைப் பொறுத்தவரை, நான் எல்லா வகையையும் முயன்று பார்த்துவிட்டுப் முன்கூட்டியே பணம் நிரப்பி வைத்துக்கொள்ளும் பழைய ஈஸிலிங்க் அட்டைக்கே திரும்பிவிட்டேன். அம்மாவுக்காக ஒருமுறை, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கக்கூடிய மூன்று நாள் சுற்றுலா அட்டை வாங்கினேன். அப்போது முன்வைப்பு நீங்கலாக 20 வெள்ளி. நாளொன்றுக்கு ஐந்து முறையாவது ஏறி இறங்கினால்தான் அது கட்டும். முழங்கால் வலியுள்ளவர் மூன்றுக்கு மேல் போகவில்லை. மூத்தோர் சலுகைக் கட்டணம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. 2019-க்குப் பிறகு வங்கி அட்டையையே வாயிலில் தட்டிவிட்டுப் போகலாம் என்றார்கள். வசதிதான். ஆனால் வெளிநாட்டு வங்கி அட்டை என்றால் பயன்படுத்தும் நாளொன்றுக்கு 60 காசு கூடுதல். நம் வங்கி அந்நியச் செலாவணிக்குப் பிடிப்பது தனி. ஒரே அட்டையில் இருவர் போகவும் முடியாது. ஓரிரு நாள் தங்குபவருக்குச் சரி, ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

பழைய அட்டையில் எனக்குப் பிடித்தது, வெளியேறும்போது எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு மீதி என்று வாயிலிலேயே காட்டுவது. கணக்கை அட்டையில் வைக்காமல் இணையத்தில் வைக்கும் புதிய முறைக்கு மாற்றிய அட்டையில் அது தெரியாது, கைப்பேசிச் செயலியில் பார்க்க வேண்டும். 2024 தொடக்கத்தில் பழைய முறையை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது உள்ளூர் மக்களும் இதையே சொல்லிக் குறைபட்டார்கள்; சில நாட்களிலேயே, ஜனவரி 22 அன்று, கூடுதலாக 4 கோடி வெள்ளி செலவிட்டுப் பழைய முறையைத் தொடர்வதாக அரசு அறிவித்தது. பேருந்தில் இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தால் அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும். நான் மூன்று முறை மறந்திருக்கிறேன். பேருந்திலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் வேறொரு பேருந்திலோ ரயிலிலோ ஏறினால் அது ஒரே பயணமாகத் தொலைவுக் கணக்கில் சேரும் என்பதால், நடுவில் ஒரு தேநீருக்கு நேரம் உண்டு.

அம்மாவுடன் போன பிறகு இன்னொன்றையும் கவனிக்கிறேன். எல்லா ரயில் நிலையங்களிலும் மின்தூக்கி இருக்கிறது. ஆனால் அது எல்லா வாசலிலும் இருப்பதில்லை. மாறிச் செல்லும் பெரிய நிலையங்களில், முக்கியமாக டோபி காட் நிலையத்தில், ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் தூரம் முதியவர்களுக்கு அதிகம். நிலையத்தில் மின்தூக்கி இருந்தும் விடுதியில் இல்லாமல் இரண்டு மாடி ஏற வேண்டிவருவதும் கடைவீட்டு விடுதிகளில் சாதாரணம். ஆகவே இப்போதெல்லாம் பணம் கட்டுமுன் விடுதிக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்புகிறேன்: அறையில் ஜன்னல் உண்டா, கட்டடத்தில் மின்தூக்கி உண்டா, மின்தூக்கி உள்ள நிலைய வாசல் உங்களிடமிருந்து எவ்வளவு தூரம். சென்ற ஆண்டு நான்கு விடுதிகளுக்கு எழுதியதில் இரண்டு பதிலே போடவில்லை. ஒன்று முதலிரண்டுக்கு மட்டும் பதில் தந்தது. நான்காவது விடுதி, அந்த நிலைய வாசலைக் குறிக்கும் எழுத்தை (A, B என்பது போல) குறிப்பிட்டு, வழியில் ஒரு சிக்னல் வரும் என்பதையும் எழுதியிருந்தது. இரவுக்குப் பன்னிரண்டு வெள்ளி கூடுதலாக இருந்தும் அதைத்தான் எடுத்தேன்.