பழைய இண்டி 500-க்குப் புது பைப்: கார்புரேட்டர் ட்யூனிங்கில் சில குளிர்காலங்கள்

என்னிடம் இருப்பது 90-களின் போலாரிஸ் இண்டி 500 ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓட்டும் வண்டி. 488 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், லிக்விட் கூலிங். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க, சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு மிகுனி விஎம்38 கார்புரேட்டர்கள். கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில் நிப்பிசிங் ஏரிப் பக்கம் ஓட்டுகிறேன். கம்பெனி எக்ஸாஸ்ட் பைப்பை எடுத்துவிட்டு வெளியில் வாங்கிய பைப்பைப் போட்டேன். அடுத்த குளிர்காலத்தில், கார்புரேட்டருக்குக் காற்று தரும் பெட்டியான ஏர்பாக்ஸைக் கழற்றி, கார்புரேட்டர் வாயிலேயே மாட்டும் பாட் ஃபில்டர்களைப் போட்டேன். இன்று பைப் வண்டியில் இருக்கிறது, ஃபில்டர்கள் அலமாரியில் இருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் கார்புரேட்டர்தான்.

ஊரில் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கார்புரேட்டர் அந்நியமாக இருக்காது. அதில் இருந்ததும் மிகுனி விஎம் குடும்பம்தான், அளவு மட்டும் சிறியது. த்ராட்டிலோடு எழும் அதே உருண்டை ஸ்லைடு, அதில் தொங்கும் அதே நீடில், ஐடிலில் காற்றின் அளவைத் திருத்தும் அதே ஏர் ஸ்க்ரூ. ஆனால் சென்னையில் ஒருமுறை செட் செய்தால் வருஷக்கணக்கில் கை வைக்க வேண்டாம். இங்கே காலையில் மைனஸ் 30, இரண்டு வாரம் கழித்து பூஜ்யம். பூஜ்யம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.29 கிலோ எடை; மைனஸ் 30-ல் சுமார் 1.45 கிலோ. 12 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகிறது. பெட்ரோல் அதே விகிதத்தில் தானாகக் கூடுவதில்லை. கலவை லீன் ஆகும் (பெட்ரோல் குறைவு; கூடினால் ரிச்), சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆகும். அதனால்தான் கம்பெனியே வெப்பநிலைக்கும் உயரத்துக்கும் ஏற்ப எந்த மெயின் ஜெட் (முழு த்ராட்டிலில் பெட்ரோலை அளக்கும் துளை) என்று அட்டவணை போட்டுக் கொடுத்தது.

பைப் மாற்றிய நிமிடமே அந்த அட்டவணையின் எண்கள் செல்லாது. டூ ஸ்ட்ரோக் பைப்பின் வயிறு பின்னால் குறுகும் பகுதி, வெளியே தப்பி ஓடும் புதுக் கலவையை அழுத்த அலையால் திருப்பிச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. நல்ல பைப் இதைக் கூடுதலாகச் செய்யும். அதற்கேற்ற பெட்ரோலும் வேண்டும். எண்கள் போனாலும் அட்டவணையின் சாய்வு உதவும்: இத்தனை டிகிரி குறைந்தால் இத்தனை படி பெரிய ஜெட் என்ற கணக்கைப் புது அடிப்படை எண்ணின் மேல் ஏற்றிக்கொள்ளலாம். பைப்போடு வந்த தாளில் ஒரு எண் இருந்தது. நான் அதைவிட இரண்டு படி பெரிய ஜெட்டில் ஆரம்பித்தேன், அதுவும் அந்த வருஷத்தின் கடும் குளிர் நாளில். ரிச்சாக இருந்தால் பிளக் நனையும், வண்டி இருமும், அவ்வளவுதான். லீனாக இருந்தால் பிஸ்டன் போகும். அதனால் பெரிய ஜெட்டிலிருந்து சிறியதுக்கு, ஜெட் எண்ணில் பத்துப் பத்தாக இறங்குவதே முறை.

எங்கே நிறுத்துவது? புது பிளக் போட்டு, ஏரியின் நேர்ப்பாதையில் முழு த்ராட்டிலில் ஓட்டி, த்ராட்டிலை விடாமலே எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச்சை அழுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்வார்கள். இப்போதைய பெட்ரோலில், கலவை சரி என்று காட்டும் காபி நிறம் பிளக்கில் வரவே நெடுநேரம் ஆகிறது. எனக்கு நம்பிக்கை தந்தது பிஸ்டன் தலைதான். பிளக் துளை வழியாகச் சின்ன விளக்கை விட்டுப் பார்த்தால், புதுக் கலவை சிலிண்டருக்குள் நுழையும் டிரான்ஸ்ஃபர் போர்ட் பக்க ஓரங்களில் பெட்ரோல் கழுவிய பளபளப்பான திட்டு தெரியும். திட்டு பெரிதாக இருந்தால் ரிச். ஓரம் வரை கருப்பு படிந்து திட்டே இல்லையென்றால் உடனே பெரிய ஜெட் போடுங்கள். இரண்டு சிலிண்டரையும் பார்க்க வேண்டும். ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று அர்த்தமில்லை.

எல்லோரும் மெயின் ஜெட்டைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் பாதி வேலை நீடிலில் இருக்கிறது. முழு த்ராட்டில் என்பது ஏரியில் சில வினாடிகள். காட்டுப் பாதையில் நாள் முழுக்க ஓட்டுவது கால் முதல் முக்கால் த்ராட்டில் வரை, அந்த இடத்தை ஆள்வது நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். நீடிலைப் பிடித்திருக்கும் கிளிப்பை அதன் ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயரும், கலவை ரிச் ஆகும். புது பைப்போடு பாதித் த்ராட்டிலில் நெடுந்தூரம் ஒரே சீராக ஓட்டியபோது வண்டி லேசாக, ரொம்ப நன்றாக இழுப்பதுபோல் இருந்தது. அந்த 'நன்றாக' என்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும்: லீன் ஆகும் எஞ்சின் சிறிது நேரம் அப்படித்தான் இனிமையாக ஓடும். கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கியதும் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகச் செலவானது, மனம் நிம்மதியானது. ஐடிலில் ஏர் ஸ்க்ரூ ஒன்றிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே இருந்தால் போதும். மூன்று சுற்று திறக்க வேண்டியிருந்தால், ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் பெரியது என்று பொருள்.

கிளட்ச்சை விட்டுவிட்டு ஜெட்டை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். பைப் உச்ச சக்தி தரும் ஆர்பிஎம்மில் எஞ்சினைப் பிடித்து வைப்பது, தானியங்கிக் கிளட்ச்சுக்குள் சுழலும் எடைகளான கிளட்ச் வெயிட்டுகள். கலவை ரிச் ஆனால் பைப் குளிரும், அலை மெதுவாகப் போகும், உச்ச ஆர்பிஎம்மும் இறங்கிவிடும். எனவே மீட்டரில் ஆர்பிஎம் குறைந்தால் வெயிட் அதிகமா, ஜெட் பெரிதா என்று பிஸ்டனைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதீர்கள்.

சரி, பாட் ஃபில்டர். அழகாக இருக்கும், உறிஞ்சும் சத்தம் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஏர்பாக்ஸ் இருந்தபோது ஒரே மாதிரி குளிர்ந்த, அமைதியான காற்று வந்தது. இப்போது நின்றால் எஞ்சின் சூட்டில் வெந்த காற்று, ஓடினால் வெளிக் குளிர், தூள் பனியில் புகுந்தால் ஃபில்டர் மேல் பனி ஒட்டி உறைந்து மூச்சடைப்பு. ஒரே சவாரியில் லீனும் ரிச்சும் மாறி மாறி. இதற்கு எந்த ஜெட்டும் பதில் சொல்லாது. கிடைத்த சக்தியும் என்னால் உணர முடிந்த அளவில் இல்லை. ஏர்பாக்ஸைத் திருப்பி மாட்டி, பைப்புக்கு மட்டும் ஜெட் போட்டதும் வண்டி நிதானத்துக்கு வந்தது.

இரண்டு சின்ன விஷயங்கள். கேபிளைத் தொட்டு இரண்டு ஸ்லைடுகளும் ஒன்றாக எழும்படி சரிசெய்தால், எஞ்சினுக்கு எண்ணெய் தரும் ஆயில் பம்ப் நெம்புகோலின் குறியும் பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஜெட் சரியாக இருந்தும் எண்ணெய் போதாமல் எஞ்சின் போகலாம். அப்புறம், சைலன்சரைக் குடைந்தோ எடுத்தோ ஓட்டுவது ஒன்டாரியோவில் சட்டப்படி குற்றம். பைப் வாங்கும்போதே தகுந்த சைலன்சரோடு வாங்குங்கள்.

பனி உருகியதும் கார்புரேட்டர்களின் அடியில் பெட்ரோல் தேங்கும் இரண்டு கிண்ணங்களையும் வடித்துவிடுகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் கோடை முழுக்க உள்ளே கிடந்தால் பைலட் ஜெட்டின் நுண்துளையில் பசை பிடிக்கும். அடுத்த டிசம்பரில் ஐடிலிலேயே லீன். கழற்றிக் கழுவும்போது ஜெட் துளைக்குள் கம்பி விடாதீர்கள். கிளீனர் தெளித்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முழு வட்டம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.