உப்புத் தண்ணீரில் ஒன்பது ஆண்டு ஓடிய கீசர்

2016 கார்த்திகையில் வாங்கிய கீசர் இது. 15 லிட்டர், 2000 வாட், செங்குத்தாகச் சுவரில் தொங்கும் வகை, உள்தொட்டிக்குக் கண்ணாடிப் பூச்சு. வீடு கோவை வடவள்ளியில். குடிக்கச் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வருகிறது. மேல்தொட்டிக்கு ஏறுவதோ ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தேன். மொத்தக் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு, மெக்னீசிய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்தார்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு 200; வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. எங்கள் தண்ணீர் அதையும் தாண்டியது. எங்கள் தெருவில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கீசர் மாற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் இன்னும் அதே கீசர்தான் ஓடுகிறது. அதற்கு நான் செய்ததையும், தொடக்கத்தில் செய்யத் தவறியதையும் எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் கீசரைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. சுவிட்சைப் போட்டால் இருபது நிமிடத்தில் வெந்நீர். பிறகு மெல்ல ஒரு சத்தம் தொடங்கியது. தண்ணீர் சூடேறும்போது உள்ளே யாரோ கடலை வறுப்பதுபோலப் படபடவென்று பொரியும். பழசானால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சத்தம் கேட்ட அன்றே திறந்து பார்த்திருக்க வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் காயில்மேல் படிந்த சுண்ணாம்புப் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட நீர் ஆவியாகி வெடித்து வெளியேறும் சத்தம் அது.

2018 டிசம்பரில் கீசர் சூடேறுவதை நிறுத்தியது. பழுது பார்க்க ஒருவர் வந்தார். அடி மூடியைக் கழற்றினார்; கட்-அவுட் என்ற பாகம் விழுந்திருக்கிறது, அது கையிருப்பில் இல்லை, இப்போதைக்கு நேரடியாக இணைத்துவிடுகிறேன் என்றார். கட்-அவுட்டுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார். கீசர் ஓடியது. பணம் கொடுத்து நன்றியும் சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாவது நாள் அதிகாலை அம்மா சுவிட்சைப் போட்டுவிட்டுப் பூஜை அறைக்குப் போய்விட்டார். மார்கழி மாதம், கோலம், விளக்கு என்று முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்து குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் ஆவி சீறியது. அம்மா கையை இழுத்துக்கொண்டதால் மணிக்கட்டில் மட்டும் ஒரு சிவப்பு. ஓடிப் போய் மின்பலகையில் கீசருக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கினேன். கீசருக்கு அடியில் இருந்த, அழுத்தம் கூடினால் திறக்கும் சேஃப்டி வால்விலிருந்து கொதிநீர் விட்டு விட்டுப் பீய்ச்சியது. எந்தக் குழாயையும் தொடாமல், குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு மணி நேரம் அப்படியே விட்டோம்.

நடந்தது என்ன என்று பிறகுதான் விளங்கியது. வெப்பத்தை அளவாக நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்டின் தொடுமுனை ஒட்டிக்கொண்டுவிட்டது. அது தவறினால் அடுத்த காவல் கட்-அவுட். தண்ணீர் 90 டிகிரியை நெருங்கும்போது மின்சாரத்தை வெட்டிவிடுவது அதன் வேலை. முதலில் கீசர் நின்றதே அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்ததால்தான். அதைப் பழுது என்று நினைத்து நீக்கிவிட்டோம். மிஞ்சியது வால்வு ஒன்று. அதுவும் உப்புப் படிந்து இறுகியிருந்தால் தொட்டி வெடித்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது. கட்-அவுட்டை நேரடியாக இணைக்கிறேன் என்று யார் சொன்னாலும், எத்தனை அனுபவம் உள்ளவராக இருந்தாலும், வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நாள் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளிக்கலாம்.

அந்த வாரமே தெர்மோஸ்டாட், கட்-அவுட் இரண்டும் புதிதாகப் போட்டேன். உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச், பொருத்தி, எர்த்தையும் சோதிக்கச் சொன்னேன். எர்த் குழி காய்ந்து, கம்பி இணைப்பு துருவேறிக் கிடந்தது. புதுக் குழி வெட்ட வேண்டியதாயிற்று. அந்த மின்பணியாளர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். ஒரு முள்ளைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது. 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் தொடர்ந்து ஓடும். சாக்கெட்டின் பிடி தளர்ந்தால் அந்த இடமே அடுப்பாகிவிடும். கீசருக்கு 16 ஆம்பியர் சாக்கெட், தனி ஒயர், தனி எம்.சி.பி. வேண்டும். நீட்டிப்புப் பெட்டியில் செருகவே கூடாது.

ஆர்.சி.சி.பி.க்குக் கொடுத்த பணம் அடுத்த ஆண்டே வசூலாகிவிட்டது. 2019 ஐப்பசியில் ஒரு காலை, கீசரைப் போட்ட நொடியே வீடு முழுக்க மின்சாரம் போனது. கீசரை நிறுத்தி ஆர்.சி.சி.பி.யை ஏற்றினால் நிற்கிறது. கீசரைப் போட்டால் விழுகிறது. காயிலைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன். இரண்டு முனைகளுக்கும் நடுவே 26 ஓம். 230 வோல்ட், 2000 வாட்டுக்குக் கணக்குப்படி வரவேண்டிய அளவு அதுவே. முனைக்கும் உலோக உறைக்கும் நடுவே இணைப்பே இல்லை என்று காட்டியது. காயில் நன்றாகத்தானே இருக்கிறது என்று குழம்பிப்போனேன்.

கோவையில் இதற்கு ஒரு வசதி உண்டு. பம்பும் மோட்டாரும் பிறக்கும் ஊர். எந்தப் பக்கம் போனாலும் ஒரு ரீவைண்டிங் கடை இருக்கும், அங்கே மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் என்ற கருவியும் இருக்கும். காயிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பெரியவர், கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது மல்டிமீட்டருக்குப் பிடிபடாது. அதில் இருப்பது சின்ன பேட்டரி. ஐந்நூறு வோல்ட் கொடுத்துப் பார்த்தால் உண்மையைச் சொல்லும்" என்றார். மெக்கரின் ஒரு முனையைக் காயிலின் முனையிலும் மறு முனையை உறையிலும் வைத்து, பொத்தானை அழுத்தினார். முள் எழுந்திருக்கவே இல்லை, பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. பிறகு உறையைத் துடைத்து விரல் நகத்தால் ஓர் இடத்தைக் காட்டினார். செம்பு உறையில் ஊசி முனை அளவுக்கு ஒரு கறுத்த புள்ளி. அதன் வழியே உள்ளே போன ஈரம் காப்புப் பொடியை நனைத்திருக்கிறது. ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் எர்த்தும் பழையபடியே கிடந்திருந்தால், அந்தப் புள்ளி வழியாகத் தண்ணீருக்குள் மின்சாரம் வந்திருக்கும். காலையில் முதலில் குளிப்பவர் அம்மா.

"எவ்வளவு ஆயிற்று அண்ணா?" என்று கேட்டேன். சோதனைக்கெல்லாம் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று தொட்டிக்குள் இருந்து எடுத்ததைச் சொல்ல வேண்டும். காயிலே தெரியவில்லை, சுண்ணாம்பில் செய்த கரும்புத் துண்டுபோல வெள்ளையாக, விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. தட்டினால் ஓடு ஓடாக உதிர்ந்தது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு பெரிய டம்ளர் நிறையச் சுண்ணாம்புச் சில்லுகள் வந்தன. கூடவே இருந்த மெக்னீசியக் கம்பி, கடைக்காரர்கள் ஆனோடு ராடு என்பார்கள், முழுக்கக் கரைந்து நடுவில் இருந்த இரும்புக் கம்பி மட்டும் நின்றது. தொட்டியின் இரும்பை அரிக்க வேண்டியதைத் தான் வாங்கிக்கொண்டு கரைவதுதான் அந்தக் கம்பியின் பிழைப்பு. அது தீர்ந்துவிட்டால் அடுத்தது தொட்டி. தொட்டி ஓட்டையானால் பற்றவைத்து ஓட்டுவது சரிப்படாது. கீசரையே மாற்ற வேண்டும்.

சுண்ணாம்பு படிந்தால் மின்கட்டணம் எகிறும் என்று பலர் சொல்வார்கள். காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருப்பதால் வெப்பம் வேறெங்கும் போகாது. கட்டணம் பெரிதாக ஏறாது. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட், 2000 வாட்டில் 18 நிமிடம். எனக்கு இதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அடி வாங்குவது காயில்தான். போர்வை போர்த்தியதுபோல வெப்பம் வெளியேற முடியாமல், உறை காய்ந்து விரிந்து வெடிக்கிறது.

2019 முதல் ஒவ்வொரு ஐப்பசியிலும், மார்கழிக் குளிருக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று ஒதுக்குகிறேன். முந்தின இரவே கீசரைப் போடுவதில்லை. தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். எம்.சி.பி.யை இறக்கி, யாரும் போட வேண்டாம் என்று ஒரு சீட்டை அதன்மேல் ஒட்டுகிறேன். பிளக்கையும் பிடுங்கிவிடுகிறேன். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் வேறொரு சாக்கெட்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்து, பிறகு கீசரின் இரு முனைகளிலும் வைத்து, மறுபடி அந்தச் சாக்கெட்டிலேயே சரிபார்க்கிறேன். டெஸ்டரே கெட்டிருந்து, எரியவில்லை என்று நம்பிக் கை வைத்தவர்கள் உண்டு. ஒயர்களைக் கழற்றுமுன் கைபேசியில் இரண்டு படம்.

அடுத்து கீசருக்குத் தண்ணீர் வரும் குழாயின் கேட் வால்வை மூடிவிட்டு, குளியலறையின் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் தொட்டி காலியாகும். உள்வரும் பக்கத்தில் இருக்கும் சேஃப்டி வால்வு தண்ணீரைப் பின்னோக்கி விடாது. அதைக் கழற்றினால்தான் வாளிக்குத் தண்ணீர் இறங்கும். பிறகு அடித்தட்டின் நட்டுகளைக் கழற்றினால் காயிலும் ஆனோடும் சேர்ந்து இறங்கும், கூடவே மிச்சத் தண்ணீரும் ஒரு குபீர். இழுத்தால் வரவில்லையென்றால் சுண்ணாம்பு பிடித்திருக்கிறது என்று பொருள். ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். நெம்பினால் பூச்சு உடையும்.

காயிலைச் சுத்தம் செய்ய எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. மின்முனைகள் நனையாமல், காயில் மட்டும் மூழ்கும்படி வைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிறம் தெரியும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி ஐந்து நிமிடத்தில் வேலையை முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சுண்ணாம்போடு நிற்காது, உலோகத்தையும் தின்னும். அமிலம் எதுவானாலும் பிளீச்சிங் பவுடர் பக்கம் போகக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அடைத்த குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். தொட்டியின் உள்ளே இரும்புக் கம்பி விட்டுச் சுரண்டுவதும் வேண்டாம். கையால் அள்ளி, தண்ணீர் விட்டு அலசினால் போதும்.

மாட்டும்போது ஒவ்வொரு முறையும் புது கேஸ்கட், அதாவது அடித்தட்டில் நீர் கசியாமல் தடுக்கும் வளையம். பழையதையே போட்டு 2021இல் சொட்டிச் சொட்டி ஒயர் வரை ஈரம் போனது, ஆர்.சி.சி.பி. மறுபடி விழுந்தது. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடைசியில், மிக முக்கியமானது: கேட் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் முழுத் தண்ணீர் வரும் வரை பொறுத்திருந்து, அதற்குப் பிறகே மின்சாரம். வெறும் தொட்டியில் சுவிட்சைப் போட்டால் புதுக் காயில் சில நிமிடத்தில் போய்விடும்.

2019இல் போட்ட இன்கோலாய் (நிக்கல் கலந்த உலோகம்) காயில், கண்ணாடிப் பூச்சு உள்ளது, இப்போது ஏழாவது குளிர்காலத்துக்குத் தயாராகிறது. முதலில் இருந்த செம்புக் காயில் மூன்று ஆண்டு வந்தது. தெர்மோஸ்டாட்டை 55இல் வைத்திருக்கிறேன். சூடு கூடக் கூடச் சுண்ணாம்பும் கூடுகிறது. பேத்தி குளிக்கும் வீடு என்பதும் ஒரு காரணம். 60 டிகிரி நீர் ஐந்து நொடியில் பெரியவர் தோலையே சுட்டுவிடும். நீண்ட பயணம் போய்த் திரும்பினால் வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வரும். தேங்கிய நீரில் வளரும் நுண்ணுயிர்களின் வேலை. அன்று மட்டும் அளவைக் கூட்டிச் சூடேற்றி, ஆறிய பிறகு முழுதாக வெளியேற்றிவிடுவேன்.

சூடேறும்போது சேஃப்டி வால்வு சில சொட்டு விடுவது இயல்பு. விரியும் நீர் போக வழி வேண்டும். சொட்டுகிறது என்று அதை அடைத்துவிட்ட வீடு ஒன்றை எங்கள் தெருவிலேயே பார்த்து, நானே போய் எடுத்துச் சொல்லி மாற்ற வைத்தேன். அதன் சிறு நெம்புகோலை மாதம் ஒருமுறை, கீசர் ஆறியிருக்கும்போது, தூக்கி விடுகிறேன். தண்ணீர் வரவில்லையென்றால் வால்வு இறுகிவிட்டது. அப்படி இறுகி ஒருமுறை மாற்றினேன்.

ஆனோடு, கேஸ்கட், காயில், தெர்மோஸ்டாட், வால்வு என்று இந்த ஒன்பது ஆண்டில் பாகங்களுக்கு ஆன செலவு 4,000 ரூபாய்க்குள். மின்வேலையும் எர்த்தும் தனி. அவற்றில் நான் கை வைப்பதில்லை. புதிதாக வாங்குபவர்கள் கடையில் மின்சிக்கன நட்சத்திரங்களை எண்ணுவதோடு, இந்த மாதிரிக்கு ஆனோடும் கேஸ்கட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அவை கிடைக்காத கீசர் எங்கள் தண்ணீரில் மூன்று ஆண்டு தாண்டாது.

இந்த ஐப்பசியிலும் திறந்தேன். காயிலில் மெல்லிய வெள்ளைப் பூச்சு மட்டும். ஆனோடு பாதி கரைந்திருந்தது. அடுத்த ஐப்பசி வரை தாங்காது என்று புதிது போட்டுவிட்டேன். அம்மா இப்போதும் கீசரை நிறுத்திவிட்டுத்தான் குளிக்கப் போகிறார். ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று நான் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் அப்படியே இருக்கட்டும்.